வாசிப்பும் நிறவேற்றுமையும்



மனிதரை அவர்தம் தோலின் நிறங்கொண்டு மேலோர் என்றும் கீழோர் என்றும் வகுப்பது தீது என்பதை நமக்கு எந்த நூலும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அத்தீமை எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது, அதனை ஒழிப்பதாகச் சட்டம் செய்த பின்னரும் ஏன் ஒழியாது நிற்கிறது என்று எவரேனும் கேட்டால், நம்மிற் பலர் “சிலருடைய மனத்திலே வெறுப்பு இருக்கிறது” என்று கூறி நிறுத்திவிடுவோம். அவ்விடை போதாது. மனத்தை எவரும் வாசித்தறிய இயலாது. நிறவேற்றுமையோ சட்டப் புத்தகத்திலும், காணி உறுதியிலும், வாக்காளர் இடாப்பிலும், வங்கிக்காரரின் படத்திலும் மையினால் எழுதி வைக்கப்பட்டது. எழுதப்பட்டதை வாசிக்கலாம் அன்றோ?

இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கறுப்பின மக்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதனை அறிய விரும்பும் ஒருவர் எவற்றை வாசிக்கலாம், எந்தக் கண்கொண்டு வாசிக்கலாம் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். நிறவேற்றுமை அந்நாட்டில் மட்டும் இருந்ததன்று. ஆயினும் அங்கே துன்பம் செய்தோரும் துன்பப்பட்டோரும் ஆகிய இரு திறத்தாரும் ஏராளமாக எழுதி வைத்துச் சென்றுள்ளனர். அன்றியும், வாசிப்பதே அங்கு ஒரு காலத்தில் தண்டனைக்குரிய செயலாக இருந்தது. ஆகவே அங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1740ஆம் ஆண்டு, பிரித்தானியருடைய குடியேற்ற நாடாக இருந்த தென் கரோலினாவில், அடிமை ஒருவருக்கு எழுதக் கற்பிப்பவர் 100 பவுண் தண்டம் இறுக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்திருந்தனர். பின்னர் 1829இல் டேவிட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர், பொஸ்டன் நகரில் பழைய ஆடைகள் விற்று வாழ்ந்தவர், அடிமை முறைக்கு எதிராக ஒரு சிறு நூலை அச்சிட்டு வெளியிட்டார். அச்சிறு நூல் கப்பலோட்டிகளின் கைவழியே தென்னாட்டுத் துறைமுகங்களைச் சென்றடைந்தது. தோட்ட முதலாளிமார் அஞ்சினர். துப்பாக்கியைக் கண்டு அஞ்சியது போலவே அந்தச் சில தாள்களைக் கண்டும் அவர்கள் அஞ்சினர் என்பது, அதன் பின் வந்த சட்டங்களால் நன்கு விளங்கும்.

அச்சட்டங்களுள் வட கரோலினா 1830இல் இயற்றியதைச் சற்று நின்று நோக்குவோம். அடிமைக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கும் வெள்ளையருக்கு 100 முதல் 200 டொலர் வரை தண்டம், அல்லது சிறை. சுதந்திரமுடைய கறுப்பினத்தவர் கற்பித்தால் தண்டம், சிறை, அல்லது 20 முதல் 39 வரை சவுக்கடி. அடிமை மற்றோர் அடிமைக்குக் கற்பித்தால் 39 சவுக்கடி. குற்றம் ஒன்றே, தண்டனை மட்டும் செய்தவரின் நிறத்தையும் நிலையையும் பொறுத்து வேறுபடுகிறது. இதனைக் காட்டிலும் கருத்தூன்றி நோக்க வேண்டியது அச்சட்டத்தின் நடுவே செருகப்பட்டிருக்கும் ஒரு சிறு விலக்கு. எண்களைக் கற்பிப்பது மட்டும் குற்றமன்று என்பதே அது. பருத்தி மூட்டைகளை எண்ண வேண்டும். பீப்பாய்களைக் கணக்கிட வேண்டும். அதற்கு அடிமையின் அறிவு தேவை. அடிமைக்கு அறிவில்லை, அதனால் அவனை ஆளுகிறோம் என்று மேடைதோறும் முழங்கிய மனிதர், தம் சட்டத்தை எழுதும்போது அவனுக்கு அறிவுண்டு என்பதைத் தாமே ஒப்புக்கொண்டுவிட்டனர். எந்த அளவுக்கு அது தமக்குப் பயன்படுமோ அந்த அளவோடு நிறுத்த விரும்பினர். அவ்வளவே.

இத்தகைய சட்டங்களை வாசிக்கும்போது “நீங்கலாக” என்று பொருள்படும் சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நல்லது. சட்டம் இயற்றியவரின் உள்ளக்கிடக்கை பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படுகிறது. இச்சொல்லை நாம் மீண்டும் சந்திப்போம்.

இனி, துன்பப்பட்டோரின் எழுத்துக்கு வருவோம். பிரெடெரிக் டக்ளஸ் 1818 அளவில் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர். எட்டு வயதளவில் பால்ற்றிமோர் நகரிலே ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டு அம்மையார், அடிமை வைத்துப் பழகாதவர், சிறுவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் அதை அறிந்ததும் தடுத்தார்: வாசிக்கக் கற்ற அடிமை அடிமையாக இருக்க உதவான் என்று சிறுவன் காதுபடவே சொன்னார். தமக்கு விடுதலைக்கு வழி காட்டியது அந்தத் தடையே என்று டக்ளஸ் பிற்காலத்தில் எழுதினார். எசமானர் இத்துணை அஞ்சுகின்ற பொருள் எதுவோ அதனை எவ்வாறேனும் அடைந்தே தீர்வது என்று சிறுவன் துணிந்தான். தெருவிலே விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு வீட்டிலிருந்து கொண்டுசென்ற ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் பாடங் கேட்டான். கப்பல் கட்டும் இடத்திலே, எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு என்று காட்டத் தச்சர் குறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். பன்னிரண்டு வயதளவில் 50 சதம் கொடுத்து ஒரு பேச்சுத் திரட்டு நூலை வாங்கினான். அதிலே எசமானன் ஒருவனுக்கும் அடிமைக்கும் நிகழும் உரையாடல் ஒன்று இருந்தது; நியாயத்தால் எசமானனை வென்று அடிமை விடுதலை பெறுவதாக அது முடியும்.

1838இல் டக்ளஸ் தப்பி வட மாகாணங்களுக்குச் சென்றார். அடிமை ஒழிப்பு இயக்கத்தாரின் கூட்டங்களில் பேசினார். அவர் பேச்சு மிகச் செம்மையாக இருந்தமையால், “இவர் அடிமையாக இருந்தவராக இருக்க முடியாது” என்று கேட்டவர்கள் ஐயுற்றனர். அந்த ஐயத்தைத் தீர்க்க 1845இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, எசமானரின் பெயர், ஊர் யாவற்றையும் வெளியிட்டார். அதனால் பிடிபடும் ஆபத்து வந்தது; பிரித்தானியாவுக்குச் சென்றார். அங்குள்ள அன்பர்கள் பணம் திரட்டி 1846இல் அவரை அவருடைய எசமானரிடமிருந்து விலைக்கு வாங்கி விடுவித்தனர். தாம் உண்மை சொல்கிறவர் என்று மெய்ப்பிப்பதற்கு ஒரு மனிதர் தம் சுதந்திரத்தையே பணயமாக வைக்க நேர்ந்தது. அந்நூலின் தலைப்பிலேயே, அவர் தாமே எழுதியது என்ற குறிப்பு இருக்கிறது. முன்னால் வெள்ளையர் இருவரின் நற்சான்று இருக்கிறது. இன்று அதை வாசிப்பவர் அந்நற்சான்றுகளைத் தள்ளிவிட்டு நேரே கதைக்குப் போய்விட எண்ணலாம். அவ்வாறு செய்யாதீர்கள். கறுப்பினத்தவர் தம் முதுகின் தழும்பைக் காட்டினாலும், அது தழும்புதான் என்று வெள்ளையர் ஒருவர் கையொப்பமிட வேண்டியிருந்தது என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி.

இதனை இன்னும் வருத்தத்தோடு காட்டுவது ஹரியட் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையாரின் கதை. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த இவர், எசமானரின் தீய நோக்கத்திலிருந்து தப்புவதற்காக, 1835 தொடக்கம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தம் பாட்டியார் வீட்டுக் கூரையின் அடியில் ஒளிந்திருந்தார். அந்த இடம் ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயர்ந்த பக்கத்தில் மூன்று அடி உயரம். நிமிர்ந்து நிற்க இயலாது. பலகையில் துளையிட்டு, கீழே தம் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தாய் அங்கே இருப்பது தெரியாது. இவருக்கு எழுத்து தெரியும். சிறுவயதில் முதல் எசமானி கற்பித்திருந்தார். அந்த எழுத்தே அவருக்குக் கவசமாயிற்று. நியூயோர்க் பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பெற்று, அதிலிருந்து தெருப் பெயர்களை அறிந்து, தாம் நியூயோர்க்கில் இருப்பது போல எசமானருக்குக் கடிதம் எழுதி, அந்நகரிலிருந்தே தபாலில் சேர்ப்பித்தார். எசமானர் அதை நம்பினார். தேடப்பட்டவரோ அவர் நாள்தோறும் நடக்கும் தெருவின் மேலே கூரைக்குள் இருந்தார்.

1842இல் தப்பிய ஜேக்கப்ஸ், 1861இல் புனைபெயரில் தம் வரலாற்றை வெளியிட்டார். அதன் பின் நிகழ்ந்ததுதான் நாம் கருத வேண்டியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் அதனை ஒரு நாவல் என்றே கொண்டனர். பதிப்பித்து உதவிய வெள்ளை அம்மையாரே எழுதியிருப்பார் என்றனர். அடிமைப் பெண் ஒருத்தி இவ்வளவு திருத்தமாக எழுதியிருக்க முடியாது என்பது அவர்களின் எண்ணம். ஜீன் ஃபேகன் யெலின் என்னும் ஆராய்ச்சியாளர், ஜேக்கப்ஸ் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களையும் ஊர்ப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு, அது மெய்வரலாறு என்று நிறுவி 1987இல் பதிப்பித்தார். அடிமைத்தனம் 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்குச் சாட்சி சொன்ன ஒரு பெண்ணின் சொல்லை உண்மை என்று ஏற்பதற்கு மேலும் 120 ஆண்டுகள் சென்றன.

இவ்விடத்தில் ஒரு கருத்து. அக்காலத்தில் அடிமைகளைப் பற்றி மிக அதிகமாக விற்பனையான நூல் அடிமை எழுதியதன்று. ஹரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1852இல் நூல் வடிவில் வெளியிட்ட ‘அங்கிள் டாம்ஸ் கபின்’ என்னும் நாவல் அது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் பிரதிகள் விற்றன. அது செய்த நன்மையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆயினும் இரக்கப்படுவது வாசகருக்கு இன்பமான ஒரு தொழில். கண்ணீர் விட்டபின் நாம் நல்லவர் என்ற நிறைவோடு புத்தகத்தை மூடிவிடலாம். டக்ளஸும் ஜேக்கப்ஸும் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. அவர்கள் நம் இரக்கத்தைக் கேட்கவில்லை. தாம் சிந்தித்ததை நாமும் சிந்திக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டில் எதனை முதலில் வாசிப்பது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் டக்ளஸ் என்பேன். நூலும் சிறியது.

1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பலரும் பெயரளவில் அறிவர், வாசித்தவர் சிலரே. இரண்டு பிரிவுகளே கொண்ட மிகச் சிறிய ஏடு. அதிலும் நம்முடைய பழைய சொல் இருக்கிறது. குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டது நீங்கலாக, அடிமைத்தனம் நாட்டில் இருத்தலாகாது என்பது அதன் கருத்து. அந்த விலக்கின் வழியாகத் தென் மாகாணங்கள் வண்டி வண்டியாக மனிதரைக் கொண்டுசென்றன. வேலையின்றித் திரிந்தான் என்பது போன்ற அற்பக் குற்றங்களுக்குக் கறுப்பின ஆடவரைப் பிடித்து, தண்டம் இறுக்க இயலாதவரைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமா மாகாணம் இதனைக் கைவிட்டது 1928இல். டக்ளஸ் பிளாக்மன் என்னும் பத்திரிகையாளர் பழைய நீதிமன்றப் பதிவுகளையும் கம்பனிக் கணக்குகளையும் வாசித்து 2008இல் இதனை ஒரு நூலாக எழுதினார்.

பகைவரின் ஏட்டையே சாட்சியாக வைத்து வாதாடும் முறையைத் திறம்படக் கையாண்டவர் ஐடா வெல்ஸ் அம்மையார். 1862இல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, ஆசிரியராகவும் பின்னர் மெம்பிஸ் நகரில் பத்திரிகை ஆசிரியராகவும் விளங்கியவர். 1892 மார்ச்சில் அந்நகரில் பலசரக்குக் கடை நடத்திய கறுப்பினத்தவர் மூவரைக் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. மூவரும் வெல்ஸின் நண்பர்கள். அவர்களின் கடையினால் பக்கத்து வெள்ளையரின் கடைக்கு வியாபாரம் குறைந்திருந்தது. பெண்களின் மானத்தைக் காக்கவே இத்தகைய கொலைகள் நிகழ்கின்றன என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. நல்லோர் பலரும் நம்பினர். வெல்ஸ் கணக்கெடுத்தார். தாம் திரட்டிய எண்களைக் கொண்டு வாதாடினால் கட்டுக்கதை என்பார்கள் என்றறிந்து, வெள்ளையர் நடத்திய ‘சிக்காகோ ற்றிபியூன்’ பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலையே எடுத்துக்கொண்டார். அப்படிக் கொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதே பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டுக் கூடச் சொல்லப்பட்டிருந்தது என்று காட்டினார். மெம்பிஸில் அவருடைய அச்சகம் அழிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அவருடைய சிறு நூல்களை இன்று வாசிப்பவர், கோபத்தை அடக்கிக்கொண்டு எண்களை நிரல்படுத்தும் அந்தக் கையின் உறுதியைக் காணத் தவறமாட்டார். கும்பற் கொலையைக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி தனிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022இலேதான் நிறைவேறியது.

வாக்குரிமையின் கதை இன்னும் விந்தையானது. 1870இல் அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம், நிறத்தைக் காரணங்காட்டி எவருடைய வாக்கையும் மறுத்தலாகாது என்றது. 1890இல் மிசிசிப்பி மாகாணம் புதிய அரசியலமைப்பு ஒன்றை எழுதியது. அதன் வாக்குரிமைப் பிரிவுகளில் நிறம் என்ற சொல்லே வரவில்லை. வாக்காளராக விரும்புபவர் மாகாண அரசியலமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும். அல்லது பிறர் வாசிக்கக் கேட்டுப் பொருத்தமான விளக்கம் தர வேண்டும். எந்தப் பிரிவு என்பதையும், விளக்கம் பொருத்தமா என்பதையும் தீர்மானிப்பவர் வெள்ளைப் பதிவாளர். தென்னாட்டார் ஒரு தலைமுறைக்கு முன் எவரை வாசிக்க விடாது சவுக்கால் அடித்தனரோ, அவரிடமே இப்போது “வாசித்துக் காட்டு” என்றனர். எழுத்தறியாத வெள்ளையரும் இருந்தனரே, அவர்கள் வாக்கு என்னாவது? 1898இல் லூயிசியானா அதற்கு வழி கண்டது: 1867 ஜனவரி முதலாந் திகதியன்றோ அதற்கு முன்னரோ வாக்குரிமை பெற்றிருந்தவரும், அவர்தம் மக்களும் பேரரும் நீங்கலாக, ஏனையோர் எழுத்தறிவைக் காட்ட வேண்டும். அந்தத் திகதியில் அம்மாகாணத்துக் கறுப்பினத்தவருக்கு வாக்கில்லை. மீண்டும் “நீங்கலாக”. 1896இல் அங்கே 1,30,000க்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் இடாப்பில் இருந்தனர். 1904இல் எஞ்சியவர் ஏறத்தாழ 1,300 பேர்.

1962 ஓகஸ்ட் மாதத்தில் மிசிசிப்பியில் ஃபனி லூ ஹேமர் என்னும் பெண், வயது 44, தம்மை வாக்காளராகப் பதியச் சென்றார். பருத்தித் தோட்டம் ஒன்றில் 18 ஆண்டுகள் உழைத்தவர். தொழிலாளரின் வேலை நேரத்தைக் குறிக்கும் கணக்குப் பொறுப்பும் அவருடையது. அவருக்கு எண்ணும் தெரியும், எழுத்தும் தெரியும். பதிவாளர் அவரிடம் கொடுத்ததோ சட்ட நிபுணர்க்கன்றி மற்றவர்க்கு விளங்காத ஒரு பிரிவு. தேறவில்லை என்றார்கள். வீடு திரும்பியதும், பதிவைக் கைவிடாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்றார் முதலாளி. அன்றிரவே ஹேமர் வெளியேறினார். பின்பு அந்த அரசியலமைப்பை எடுத்து வாசித்துப் பழகி, 1963 ஜனவரியில் தேறினார். 1964இல் மிசிசிப்பிக் கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதியப்பட்டிருந்தோர் நூற்றுக்கு 6.7 பேர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் அத்தகைய பரீட்சைகளை நிறுத்தியது. 1967இல் அவ்வெண் 59.8 ஆயிற்று. இரண்டு ஆண்டுகளில் எவருடைய மனமும் அவ்வளவு விரைவாக மாறியிராது. மாறியது விதி. அந்தச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடு ஒன்றை 2013இல் நாட்டின் உயர் நீதிமன்றம் செயலற்றதாக்கியதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது நூல்நிலையங்களை மறக்கலாகாது. 1920களில் மெம்பிஸில் வாழ்ந்த ரிச்சர்ட் ரைட் என்னும் இளைஞருக்கு நூல்நிலையத்தில் நூல் பெற உரிமையில்லை. உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரின் அட்டையை இரவலாகப் பெற்று, அவர் அனுப்பியதாகத் தாமே ஒரு துண்டு எழுதிக்கொண்டு போய் நூல் எடுத்தார். பிற்காலத்தில் அவர் பெரிய நாவலாசிரியரானார்; 1945இல் வெளியான தன்வரலாற்றில் இதனை விரிவாக எழுதியுள்ளார். 1939 ஓகஸ்ட் 21ஆந் திகதி வேர்ஜீனியாவில் அலெக்சாந்திரியா நகர நூல்நிலையத்துக்குக் கறுப்பின இளைஞர் ஐவர் ஒருவர் பின் ஒருவராகச் சென்று அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டதும், ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து வேறு வேறு மேசைகளில் அமர்ந்து சத்தமின்றி வாசித்தனர். ஒழுங்கீனமாக நடந்தனர் என்று பொலிசார் அவர்களைக் கைது செய்தனர். நூல்நிலையத்தில் அமைதியாக வாசிப்பதைக் காட்டிலும் ஒழுங்கான நடத்தை வேறு எது என்பதை அந்தப் பொலிசார் விளக்கவில்லை. இதனை ஏற்பாடு செய்த சாமுவெல் டக்கர் என்னும் வழக்கறிஞர், அடுத்த ஆண்டில் நகரசபை கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சிறு நூல்நிலையம் கட்டியபோது, அதன் அட்டை தமக்கு வேண்டாம் என்று எழுதி மறுத்துவிட்டார்.

வீட்டையும் காணியையும் பற்றிய ஏடுகளே, என் எண்ணத்தில், இன்றைய நிலையை அறிவதற்கு மிகவும் பயன்படுவன. 1930களில் அரசாங்க வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படம் வரைந்து, கடன் கொடுக்கத் தகுந்த பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறந்தீட்டிப் பிரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. படத்தோடு சேர்ந்த படிவத்தில் அங்கு வாழும் கறுப்பினத்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எழுதுவதற்கு ஓர் இடமே விடப்பட்டிருந்தது. 1934இல் தோன்றிய மற்றோர் அரசாங்க நிறுவனம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. வெவ்வேறு இனத்தவர் அயலில் கலந்து வாழாதவாறு காணி உறுதியில் நிபந்தனை இடுவது நன்று என்று அதன் கைந்நூல் பரிந்துரைத்தது. படத்தைவிட இந்தக் கைந்நூலே பெருந்தீங்கு செய்தது என்பர் ஆய்வாளர் சிலர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நியூயோர்க்கின் புறத்தே 1947 முதல் எழுந்த லெவிற்ரவுன் என்னும் குடியிருப்பில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. அதன் தொடக்ககால உடன்படிக்கையில், வெள்ளையரல்லாதார் அவ்வீட்டில் வசிக்கலாகாது என்றிருந்தது. வீட்டு வேலைக்காரர் நீங்கலாக.

வட கரோலினாவின் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதனையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள்.

இவ்வீடுகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அதனை விற்றும் ஈடுவைத்தும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். வாங்க விடப்படாதவரின் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. 1968இல் சட்டம் இத்தகைய வேற்றுமையைத் தடுத்தது. ஆனால் தந்தை வாங்காத வீட்டை மகன் உரிமையாகப் பெற முடியாது. வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சொந்த வீட்டில் வாழ, கறுப்பினக் குடும்பங்களில் அது ஐம்பதையும் எட்டாதிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ரிச்சர்ட் ரொத்ஸ்ரீன் 2017இல் எழுதிய ‘த கலர் ஒஃப் லோ’ என்னும் நூல் இவற்றைச் சட்டம் சட்டமாக எடுத்துக் காட்டுகிறது. எவரையும் வெறுக்காத ஒரு வங்கி எழுதுவினைஞர், தம் முன்னே உள்ள படத்தைப் பார்த்துக் கையொப்பமிட்டாலே போதும், அநீதி நடந்துவிடும் என்பதை அந்நூலை முடிக்கும்போது உணர்வோம்.

பள்ளிப் பாடநூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் என்னும் பேரறிஞர் 1935இல், அடிமை ஒழிப்பின் பின்வந்த காலத்தைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதன் இறுதி அதிகாரத்தில், அமெரிக்கப் பிள்ளைகள் படித்த வரலாற்று நூல்களை எடுத்து, அவை கறுப்பினத்தவரை அறிவிலிகள் என்றும் சோம்பேறிகள் என்றும் எவ்வாறு சித்திரித்தன என்று ஆராய்கிறார். பெருநூல் முழுவதையும் வாசிக்க இயலாதவர் அந்த ஓர் அதிகாரத்தையாவது தேடி வாசிக்கலாம்.

தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு இவற்றுள் எட்டுவன சிலவே. அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதிய நூல் ‘ஏழு தலைமுறைகள்’ என்று தமிழில் கிடைக்கிறது. பலர் அதனால் கண்திறக்கப் பெற்றனர். அதில் ஆசிரியர் கூறும் தம் குலமுறையை வரலாற்றாசிரியர் ஐயுற்றுள்ளனர். ஆகையால் அதனை நாவலாகவே கொள்வது தகும். டக்ளஸின் சிறு நூலை ஆங்கிலம் ஓரளவு அறிந்த பள்ளி மாணவரும் வாசித்து முடிக்கலாம். வீட்டிலே ஒருவர் வாசித்து மற்றையோர்க்குத் தமிழிற் சொன்னால் இன்னும் நன்று.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாற்றை நம் பக்கத்து நாட்டார் வெகு முன்னரே கருத்தூன்றி வாசித்துள்ளனர். மகாராட்டிரத்தில் சாதிக் கொடுமையை எதிர்த்த ஜோதிராவ் பூலே, 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமைகளை விடுவிக்க உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். டாக்டர் அம்பேத்கர் 1913 தொடக்கம் 1916 வரை நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 1946ஆம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியுள்ளனர் என்று அறிந்து, அவர் டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் அம்மக்களின் பிரச்சினையைக் கற்று வருபவர் என்றும், அவர்தம் நிலைக்கும் இந்தியத் தீண்டாதார் நிலைக்கும் ஒப்புமை மிகுதி என்றும் கூறி, அந்த விண்ணப்பத்தின் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். டு போய்ஸ் ஜூலை மாத இறுதியிலே விடை எழுதினார். அம்பேத்கரின் பெயரைத் தாம் அறிவதாகவும், கேட்ட ஏட்டை அனுப்புவதாகவும், இன்னும் விரிவான விண்ணப்பம் ஒன்று எழுதப்படுமாயின் அதனையும் அனுப்பிவைப்பதாகவும் அதிற் கூறினார். அந்த விரிவான விண்ணப்பம் 1947இல் ஐக்கிய நாடுகள் சபையிற் சமர்ப்பிக்கப்பட்டது. கடிதங்கள் இரண்டும் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் டு போய்ஸின் ஏடுகளிடையே இருக்கின்றன.